இவானோ பாலிச்: தொடர்ந்து ஐந்து சிறந்த வீரர் விருது, ஒரு சாம்பியன்ஸ் லீக்கும் இல்லை – எப்படி எடை போடுவது?

நெய்தல்_விங்:
குரோஷிய ஹேண்ட்பால் என்றதும் முதலில் வரும் பெயர் இவானோ பாலிச். 1979 ஏப்ரல் 1 அன்று ஸ்ப்லிட் நகரில் பிறந்தவர். வலக்கை ஆட்டக்காரர், சென்டர் பேக் (நடுவில் நின்று தாக்குதலை நடத்துபவர்). 2003 உலக சாம்பியன், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கம், சர்வதேச ஹேண்ட்பால் கூட்டமைப்பின் 'ஆண்டின் சிறந்த வீரர்' விருது 2003, 2006 என இரண்டு முறை. 2010இல் கூட்டமைப்பு இணையத்தில் நடத்திய வாக்கெடுப்பில் எக்காலத்துக்கும் சிறந்தவர் என்று ரசிகர்கள் தேர்ந்தெடுத்ததும் இவரைத்தான்.

ஆனால் கிளப் கணக்கைப் புரட்டினால், ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை. பிரான்ஸின் நிகோலா கராபாடிச் மூன்று வென்றிருக்கிறார். அப்படியிருக்க பாலிச்சுக்கு இந்த இடம் எதனால் கிடைத்தது? ஆட்டத்தாலா, இல்லை ரசிகர் கூட்டத்தாலா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். வெறும் புகழ்ச்சி வேண்டாம்.

கோட்டோரம்:
முதலில் கிளப் வரிசையைச் சரியாக வைத்துக்கொள்வோம். ஸ்ப்லிட்டில் தொடக்கம். 2001 முதல் 2004 வரை மெட்கோவிச். 2004 முதல் 2008 வரை ஸ்பெயினின் பம்ப்லோனாவில் போர்ட்லாண்ட் சான் அன்டோனியோ. 2008 முதல் 2012 வரை ஆர்.கே. சாக்ரெப். 2012-13 ஒரு சீசன் அத்லெட்டிகோ மாட்ரிட். கடைசியாக 2013 முதல் 2015 வரை ஜெர்மனியின் வெட்ஸ்லார்.

இந்த வரிசையிலேயே பாதி பதில் இருக்கிறது. மெட்கோவிச் நெரெட்வா ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். 2000இல் இ.எச்.எஃப். (ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பு) கோப்பையை வென்ற கிளப் அது. பாலிச் வந்தபோது அந்தக் காலம் முடிந்திருந்தது. சான் அன்டோனியோ 2001இல் சாம்பியன்ஸ் லீக் வென்றது. பாலிச் சேர்ந்தது 2004இல். அவர் இருந்தபோது 2005இல் ஸ்பானிய லீக் கிடைத்தது. 2006இல் சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை போய் இன்னொரு ஸ்பானிய அணியான சியுடாட் ரியாலிடம் தோற்றார்கள். அன்று இறுதி இரண்டு ஆட்டமாக, ஆளுக்கொரு சொந்த ஊரில் நடக்கும். ஜெர்மனியின் கொலோனில் நான்கு அணிகள் ஒரே வார இறுதியில் மோதும் முறை 2010இல்தான் வந்தது. இரண்டு ஆட்ட முறையில் ஆழமான பெஞ்ச் உள்ள அணிக்குத்தான் சாதகம். சியுடாட் ரியாலிடம் அது இருந்தது.

சாக்ரெப்பில் உள்நாட்டுப் பட்டம் அத்தனையும் வந்தது. ஆனால் அந்த நான்கு வருடத்தில் ஐரோப்பாவின் பெரும்பணம் கீல், பார்சலோனா, ஹாம்பர்க், சியுடாட் ரியால் பக்கம் இருந்தது. அத்லெட்டிகோ போன்ற பெரிய அணிக்குப் போனபோது அவருக்கு வயது 33. அந்த கிளப்பும் 2013 கோடையில் பணமில்லாமல் கலைக்கப்பட்டது. அதனால்தான் வெட்ஸ்லார் மாதிரி ஒரு நடுத்தர பண்டஸ்லிகா (ஜெர்மன் லீக்) அணிக்கு அவ்வளவு பெரிய பெயர் வந்து சேர்ந்தது.

ஏழுமீட்டர்:
நேரம் சரியில்லை என்பது எல்லாருக்கும் சொல்லக்கூடிய காரணம். கராபாடிச் கணக்கைப் பாருங்கள்: 2008, 2012, டோக்கியோ என ஒலிம்பிக் தங்கம் மூன்று. உலக சாம்பியன்ஷிப் நான்கு (2009, 2011, 2015, 2017). ஐரோப்பிய சாம்பியன்ஷிப் நான்கு. மோன்பெல்லியே, கீல், பார்சலோனா என மூன்று வெவ்வேறு அணிகளோடு சாம்பியன்ஸ் லீக். போதாக்குறைக்கு டிஃபென்ஸின் நடுவில் நின்று 60 நிமிடம் ஆடக்கூடியவர். பாலிச்சை அந்த இடத்தில் யாரும் வைத்துப் பேசியதில்லை.

2010 வாக்கெடுப்பு இணைய வாக்கெடுப்பு. யாருக்கு எவ்வளவு ரசிகர்கள் என்பதைத்தான் அது காட்டும். கூட்டமைப்பின் 'நூற்றாண்டின் வீரர்' பட்டம் சுவீடனின் மாக்னுஸ் விஸ்லாண்டருக்குப் போனது. அதற்கு முன்பு ருமேனியாவின் ஜியார்ஜே க்ரூயா பெயர் இருந்தது. பிரபலம் வேறு, தரம் வேறு.

பிவட்காரன்:
வாக்கெடுப்பை ஓரமாக வைத்துவிடலாம், அதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் ரசிகர் வாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லாத ஒரு வரிசை இருக்கிறது:

2004 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்: தொடரின் சிறந்த வீரர் பாலிச். குரோஷியா நான்காம் இடம்.
2004 ஒலிம்பிக்: பாலிச். குரோஷியா தங்கம்.
2005 உலக சாம்பியன்ஷிப்: பாலிச். வெள்ளி.
2006 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்: பாலிச். மீண்டும் நான்காம் இடம்.
2007 உலக சாம்பியன்ஷிப்: பாலிச். ஐந்தாம் இடம்.

மூன்று வருடம், ஐந்து பெரிய தொடர், ஐந்திலும் ஒரே ஆள். இந்த விருது வழக்கமாக முதல் இரண்டு இடம் பிடித்த அணிகளுக்குள்ளேதான் போகும். பதக்கமே வாங்காத அணியின் வீரருக்கு மூன்று தடவை கொடுத்திருக்கிறார்கள் என்றால், இறுதி ஆட்டம் முடிந்த பிறகும் அவர் ஆடியதுதான் கண்ணில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு இணையான தொடர்ச்சி கராபாடிச்சிடமும் கிடையாது, டென்மார்க்கின் மிக்கெல் ஹான்சனிடமும் கிடையாது.

இன்னொன்று. குரோஷியா வென்ற 2003 உலக சாம்பியன்ஷிப்பில் அந்த விருது ஜெர்மனியின் கிறிஸ்டியன் ஷ்வார்ட்சருக்குப் போனது. அதாவது அவருடைய நாடு உலக சாம்பியன் ஆன தொடர் இந்த ஐந்துக்குள் இல்லை.

நெய்தல்_விங்:
அப்படி என்ன செய்தார்? ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தால் தலைசுற்றும் கோல் எண்ணிக்கை எதுவும் இல்லையே.

பிவட்காரன்:
இதை விரிவாகவே எழுத வேண்டும். கோல் எண்ணிக்கை குறைவாகத் தெரிய எளிய காரணம் ஒன்று: 7 மீட்டர் எறிகளை (பெனால்டி) பெரும்பாலும் எடுத்தவர் வலது விங் (வலது ஓரத்தில் ஆடுபவர்) மிர்சா ஜோம்பா. 7 மீட்டரைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் பேக் ஆட்டக்காரர்களை நியாயமாக ஒப்பிட முடியும். தேசிய அணிக்கு ஏறத்தாழ 200 ஆட்டம், 500 கோலுக்கு மேல். சென்டர் பேக்குக்கு இது சாதாரணக் கணக்கு இல்லை.

ஆனால் அவருடைய உண்மையான வேலை கோலிலிருந்து 10 மீட்டருக்கும் 8 மீட்டருக்கும் நடுவில் நடந்தது. விதியிலிருந்து தொடங்குகிறேன். பந்தைக் கையில் வைத்து 3 தப்படி, 3 விநாடி. ஓடும்போது காற்றிலேயே பந்தைப் பிடித்துத் தரையில் கால் பட்டால், அந்த முதல் தொடுகை கணக்கில் சேராது. அதற்குப் பிறகுதான் மூன்று. பந்தை ஒரு முறை தரையில் தட்டிப் பிடித்தால் மறுபடி மூன்று. பெரும்பாலான பேக்குகள் ஓடிவந்து பிடித்து, மூன்று வைத்து, குதித்து எறிவார்கள். டிஃபெண்டர் இந்தத் தாளத்தை எண்ணியே வெளியே வருவார். மூன்றாவது தப்படியில் கையைப் பிடித்தால் போதும் என்பது அவர் கணக்கு.

பாலிச் பதின்ம வயது வரை கூடைப்பந்து ஆடியவர். அவர் முதல் அல்லது இரண்டாம் தப்படியிலேயே பந்தைத் தட்டிவிடுவார். டிஃபெண்டர் 9 மீட்டர் கோட்டுக்கு வந்து கையை நீட்டும் நேரத்தில் பந்து தரையில் இருக்கும். பிடிக்க எதுவும் இல்லை, பிடித்தால் ஃபௌல். பந்து கைக்குத் திரும்பும்போது அவரிடம் இன்னும் மூன்று தப்படி மீதி. வெளியே வந்த டிஃபெண்டரால் திரும்ப முடியாது. பக்கத்து டிஃபெண்டர் உள்ளே நகர்ந்தே ஆக வேண்டும். அவர் நகர்ந்ததும் ஒன்று பிவட் (6 மீட்டர் கோட்டில் டிஃபெண்டர்களுக்கு நடுவே நிற்பவர்) காலியாவார், இல்லையென்றால் ரைட் பேக் (வலப்பக்கம் தொலைவிலிருந்து எறிபவர்).

இரண்டாவது விஷயம் கை. எறியும்போதும் பாஸ் கொடுக்கும்போதும் முழங்கை ஒரே இடத்தில், தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில். கடைசி நொடியில் மணிக்கட்டு மட்டும் திரும்பும். கோல்கீப்பர் முழங்கையைப் பார்த்துத்தான் முன்கூட்டி நகர்வார். அந்தத் தகவலே அவருக்குக் கிடைக்காது. முதுகுக்குப் பின்னாலும் கால்களுக்கு நடுவிலும் கொடுத்த பாஸ்கள்தான் வீடியோக்களில் ஓடுகின்றன. ஆனால் எண்ணிக்கையில் அதிகம் வந்தது இந்த மணிக்கட்டு பாஸ்தான்.

மூன்றாவது, பிவட்டுக்குத் தரையில் தட்டிக் கொடுக்கும் பந்து. டிஃபெண்டர் எறியைத் தடுக்கக் கையை மேலே தூக்கியிருக்கும்போது தரைப்பக்கம் திறந்து கிடக்கும். முழங்காலுக்குக் கீழே வேண்டுமென்று காலை நீட்டித் தடுப்பது விதிமீறல். இகோர் வோரி மாதிரி இரண்டு மீட்டர் உயரமுள்ள பிவட் 6 மீட்டர் கோட்டில் முதுகைக் காட்டி இடம் பிடித்து நின்றால், இடுப்பளவுக்கு எழும்பும் அந்தப் பந்தை அவர் திரும்பிக்கொண்டே எடுத்துவிடுவார். இங்கே பாதி வேலை பிவட்டுடையது. அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

தேன்மொழி_பிடி:
அருமையான விளக்கம் சகோ. ஒரு நடைமுறைக் கேள்வி. 13, 14 வயசுப் பிள்ளைங்களுக்கு இந்தத் தட்டு-தப்படி, பிவட் பாஸ் ரெண்டையும் பயிற்சியில எப்படிக் கொண்டு வர்றது? வீடியோவைக் காட்டினா உடனே முதுகுக்குப் பின்னாடி பாஸ்தான் போட்டுப் பாக்குறாங்க.

பிவட்காரன்:
வணக்கம் டீச்சர். முதலில் பந்தின் அளவைப் பாருங்கள். ஆண்கள் ஆடும் 3ஆம் அளவு 58 முதல் 60 செ.மீ. சுற்றளவு, 425 முதல் 475 கிராம். இந்த வயதுப் பையன்களுக்கு 2ஆம் அளவு: 54 முதல் 56 செ.மீ., 325 முதல் 375 கிராம். 14க்குக் கீழுள்ள பெண் பிள்ளைகளுக்கு 1ஆம் அளவு: 50 முதல் 52 செ.மீ. பெரிய பந்தைக் கொடுத்தால் ஒரு கையில் பிடி நிற்காது, மணிக்கட்டு பாஸ் ஒருபோதும் வராது. ஐரோப்பாவில் விரலில் பிசின் தடவி ஆடுகிறார்கள், பந்து கையோடு ஒட்டும். பிசின் இல்லாத மைதானத்தில் அந்த வீடியோவை அப்படியே நகல் எடுக்க முடியாது.

பயிற்சி: 6 மீட்டர் கோட்டின் நடுவில் 8 மீட்டர் அகலத்துக்கு இரண்டு கூம்பு வையுங்கள். ஒரு பேக், ஒரு பிவட், எதிரே இரண்டு டிஃபெண்டர். பேக் 11 மீட்டரிலிருந்து ஓடத் தொடங்க வேண்டும், நின்றபடி பந்து வாங்கக் கூடாது. முதல் சுற்றில் எறியவே கூடாது. தட்டி, டிஃபெண்டரை வெளியே இழுத்து, பிவட்டுக்குக் கொடுப்பது மட்டும். ஆறு முதல் எட்டு முறை ஆனதும் ஆளை மாற்றுங்கள். இரண்டாம் சுற்றில் எறியவும் அனுமதி. டிஃபெண்டர் வெளியே வந்தால் பாஸ், வராவிட்டால் எறி. மூன்றாம் சுற்றில் ரைட் பேக் ஒருவரையும் மூன்றாவது டிஃபெண்டரையும் சேருங்கள்.

பிழைகள் வழக்கமாக மூன்று. பிள்ளை பிவட்டை முன்கூட்டியே பார்த்துவிடுவது. கண்ணை கோல்கீப்பர் மேல் வைக்கச் சொல்லுங்கள், பிவட் ஓரப்பார்வையில் தெரிவார். பந்தை டிஃபெண்டருக்கு முன்னாலேயே தட்டுவது. அவர் காலடியைத் தாண்டித் தட்டினால்தான் பிவட்டின் இடுப்புக்கு எழும்பும். தட்டிய பிறகு வேகம் குறைவது. இதுதான் மோசமானது, ஏனென்றால் வேகம் இல்லாவிட்டால் டிஃபெண்டர் வெளியே வரவே மாட்டார், மொத்த நகர்வுக்கும் பொருளில்லாமல் போகும்.

முதுகுக்குப் பின்னால் போடும் பாஸைத் தடை செய்ய வேண்டாம். எதிராளி இல்லாத வார்ம்-அப்பில் போட்டுக்கொள்ளட்டும்.

ஏழுமீட்டர்:
நல்ல பதிவு. ஆனால் நீங்கள் எழுதியதே என் வாதத்துக்கு உதவுகிறது. அந்த நகர்வு பலிக்க வலப்பக்கம் இடக்கை ரைட் பேக் வேண்டும். பெதார் மெட்லிச்சிச் இருந்தார். வலது விங்கிலும் இடக்கை வேண்டும். ஜோம்பா இருந்தார். இடப்பக்கம் தொலைவிலிருந்து எறிய பிளாஷெங்கோ லாட்ஸ்கோவிச். பின்னால் விளாடோ ஷோலா கோல் காத்தார். எல்லாவற்றையும் கோத்தவர் பயிற்சியாளர் லீனோ செர்வார். 2003 போர்ச்சுகலில் முதல் ஆட்டத்திலேயே அர்ஜென்டினாவிடம் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்று, அதற்குப் பிறகு மீண்டு எழுந்த அணி அது. அரையிறுதியில் ஸ்பெயினை இரண்டு கூடுதல் நேரம் ஆடி 39-37 என்று வென்றார்கள். இறுதியில் ஜெர்மனி, 34-31. தனி ஆள் சாதனையாகப் பேசினால் அந்த அணிக்கு அநியாயம்.

காலமும் வேறு. அன்று செயலற்ற ஆட்டத்துக்கு (கோல் போட முயலாமல் பந்தை வைத்துக்கொண்டிருப்பது) நடுவர் கை தூக்கிய பிறகு எத்தனை பாஸ் என்று வரம்பே கிடையாது, நடுவர் மனம்தான். 2016இல் ஆறு பாஸ் என்றார்கள், 2022இல் நான்காகக் குறைத்தார்கள். கோல்கீப்பரை எடுத்துவிட்டு ஏழு பேரோடு தாக்குவதும் 2016க்குப் பிறகுதான் எளிதானது. பொறுமையாக டிஃபென்ஸைக் கலைக்கும் சென்டர் பேக்குக்கு 2004 பொற்காலம்.

கோட்டோரம்:
அணி பற்றிச் சொன்னது முழு உண்மை. விதி பற்றிச் சொன்னதில் மட்டும் ஒரு சேர்க்கை: வரம்பில்லாத பாஸ் எல்லாச் சென்டர் பேக்குக்கும்தான் இருந்தது. அந்தக் காலத்தில் ஆடிய மற்றவர்களிடமிருந்து இவரைப் பிரித்தது அது இல்லை. நான்கு பாஸுக்குள் முடிக்க வேண்டிய இன்றைய ஆட்டத்தில், ஒற்றை ஆளாக ஒரு டிஃபெண்டரை வெளியே இழுக்கத் தெரிந்தவருக்குத்தான் விலை அதிகம்.

நெய்தல்_விங்:
ஆட்டப் பக்கம் புரிந்தது. மக்கள் பக்கம்? ஏறத்தாழ நாற்பது லட்சம் மக்கள் உள்ள நாட்டில், கால்பந்து இருக்கும்போது, ஒரு ஹேண்ட்பால் வீரர் எப்படி இவ்வளவு பெரிய ஆள் ஆனார்?

அட்ரியாட்டிக்_அலை:
குரோஷியாவில் ஹேண்ட்பால் ஓரத்து ஆட்டம் கிடையாது. யூகோஸ்லாவியக் காலத்திலேயே பியெலோவார் என்ற சிறு நகரத்தின் அணி 1972இல் ஐரோப்பிய சாம்பியன். தனிநாடு ஆனதும் சாக்ரெப் அணி 1992, 1993 என அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. அப்போது நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. 1996 அட்லாண்டாவில் சுவீடனை 27-26 என்று வென்று எடுத்ததுதான் சுதந்திர குரோஷியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். கால்பந்தில் 1998 வெண்கலம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே இது நடந்துவிட்டது.

அந்தத் தலைமுறை ஓய்வு பெற்று, 2002 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் கடைசி இடத்தில் முடித்த அணி, மறு வருடமே உலக சாம்பியன். அடுத்த வருடம் ஏதென்ஸில் ஜெர்மனியை 26-24 என்று வென்று தங்கம். விழுந்து கிடந்த இடத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை வருடத்தில் இரண்டு பட்டம் வந்ததுதான் அந்த அணியை மக்களோடு ஒட்டவைத்தது. சாக்ரெப்பின் பான் யெலாச்சிச் சதுக்கத்தில் வரவேற்பும் அந்த ஆட்டங்களின் கூடவே வந்தது. 2008 பெய்ஜிங் தொடக்க விழாவில் நாட்டின் கொடியை ஏந்தியவர் பாலிச்.

அவர் பேட்டிகளைத் தேடிப் போகிற ஆளும் இல்லை. விளம்பரத்தால் வந்த பிரபலம் என்று சொல்ல வழியில்லை.

ஏழுமீட்டர்:
அதே பிரபலம் 2009க்குப் பிறகு கைகொடுக்கவில்லையே. சொந்த மண்ணில் உலக சாம்பியன்ஷிப். அதற்கென்றே கட்டிய சாக்ரெப் அரங்கில் இறுதி. பிரான்ஸிடம் 24-19. அந்தத் தொடரில் மற்ற எல்லாரையும் வென்ற அணி இறுதியில் 19 கோல்தான் போட்டது. அடுத்த வருடம் வியன்னாவிலும் ஐரோப்பிய இறுதியில் பிரான்ஸிடமே 25-21. பிரான்ஸின் கோலில் தியரி ஓமேயர், டிஃபென்ஸ் நடுவில் டிடியே தினார். வெளியே வரவே மறுத்த டிஃபென்ஸ் அது. பாலிச்சின் தட்டு-தப்படிக்கு அவர்கள் இரையாகவில்லை.

பிவட்காரன்:
இதுதான் அவருடைய ஆட்டத்தின் உண்மையான எல்லை, சரியாகப் பிடித்தீர்கள். டிஃபெண்டர் 6 மீட்டரிலேயே நின்றால் 9 மீட்டரிலிருந்து தொடர்ந்து கோல் போட்டு அவரை வெளியே வரவழைக்க வேண்டும். 30ஐ ஒட்டிய வயதில், குதித்து எறியும் உயரம் பாலிச்சிடம் குறைந்துவிட்டது. பக்கத்தில் எறிகிறவர்கள் அன்று தடுமாறினால் மொத்தத் தாக்குதலும் நின்றுவிடும். பின்னால் ஓமேயர் மாதிரி ஆள் நிற்கும்போது தொலைவிலிருந்து வரும் பந்துகளை அவருக்கே விட்டுவிட டிஃபென்ஸுக்கு தைரியமும் இருந்தது.

அட்ரியாட்டிக்_அலை:
2012 லண்டன் ஒலிம்பிக்கும் இதோடு சேர்ந்ததுதான். 2003 அணியின் தலைவராக இருந்த ஸ்லாவ்கோ கோலுஷா அப்போது பயிற்சியாளர். குரோஷியா வெண்கலத்தோடு வந்தது. அதையடுத்து சென்டர் பேக் பொறுப்பு டொமகோய் டுவ்ன்யாக்கிடம் போனது. அப்போது அவருக்கு 24 வயது. மறு வருடமே டுவ்ன்யாக் உலகின் சிறந்த வீரர்.

டுவ்ன்யாக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாலிச் இன்னும் தெளிவாகத் தெரிவார். 1988இல் ஜாக்கோவோவில் பிறந்தவர், சாக்ரெப், ஹாம்பர்க் அணிகளுக்குப் பிறகு 2014இல் கீலுக்குப் போனவர். 2013இல் ஹாம்பர்க்கோடும் 2020இல் கீலோடும் சாம்பியன்ஸ் லீக். இரண்டு இறுதியிலும் எதிரணி பார்சலோனா. கீலின் கேப்டனாக இருந்தவர். 3-2-1 டிஃபென்ஸின் (மூன்று வரிசையாக நிற்கும் முறை) முனையில் நின்று எதிரணியின் பாஸ் பாதையையே அடைப்பார். தாக்கிவிட்டுப் பெஞ்சுக்கு ஓட வேண்டியதில்லை, அதனால் எதிரணியின் ஃபாஸ்ட் பிரேக்கை (வேகமான எதிர்த்தாக்குதல்) தடுக்க ஆள் குறையாது. 2020 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் சிறந்த வீரர். ஆனால் தேசிய அணியோடு தங்கம் கிடைக்கவில்லை: 2009, 2010, 2020, 2025 எல்லாம் வெள்ளி. கிளப் கணக்கில் டுவ்ன்யாக் மேலே. ஆனால் குரோஷியர்கள் முதலில் சொல்லும் பெயர் பாலிச். தங்கம் வந்த இரண்டு வருடத்திலும் பந்து அவர் கையில் இருந்தது.

ஏழுமீட்டர்:
இதை ஏற்கிறேன். முழு வாழ்க்கைக்கு கராபாடிச், 2003 முதல் 2007 வரையிலான உச்சத்துக்கு பாலிச். என் வரிசை இதுதான்.

பிவட்காரன்:
என் வரிசையில் உச்சத்துக்குத்தான் எடை அதிகம், எனவே பாலிச் முதலில். இதில் நாம் ஒத்துப்போகத் தேவையில்லை.

தேன்மொழி_பிடி:
பிள்ளைங்களுக்குக் காட்ட எந்த ஆட்டம் நல்லது? எல்லாத்தையும் பாக்க நேரம் இருக்காது.

கோட்டோரம்:
மூன்று போதும் டீச்சர். முதலில் 2004 ஏதென்ஸ் இறுதி. 26-24 என்ற குறைந்த ஸ்கோர், டிஃபென்ஸ் இறுக்கம், பிவட் பாஸின் மதிப்பு இதில்தான் தெரியும். அடுத்து 2003 ஸ்பெயின் அரையிறுதியின் கூடுதல் நேரங்கள் மட்டும். களைத்த கால்களோடு தட்டி ஓடுவதைக் காட்டலாம். மூன்றாவதாக 2009 சாக்ரெப் இறுதி. அந்தத் தோல்வியையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

பார்க்கும்போது பந்தைத் தொடர விடாதீர்கள். ஒரு தாக்குதலை முதலில் பாலிச்சின் காலை மட்டும் பார்த்து ஓட்டுங்கள். அதையே மறுபடி ஓட்டி, அவருக்கு நேர் எதிரே நிற்கும் டிஃபெண்டருக்குப் பக்கத்தில் இருப்பவரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் எந்தத் தப்படியில் உள்ளே நகர்கிறார் என்று பிள்ளைகளே எண்ணிச் சொல்லட்டும். 2004இல் அவர் நகர்வார், 2009இல் நகர மாட்டார்.